கேத்திலும் எங்கட, தண்ணியும் எங்கட

இங்கிலாந்தில் காஸ் வேலையில் விதி இல்லாத இடமே இல்லை. திறந்து மூடுகிற யன்னலுக்கும் அதன் கீழே இருக்கும் பொயிலரின் புகைக்குழாய் வாய்க்கும் நடுவில் 300 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். குழாயில் கசிவு உண்டா என்று பார்க்க அமுக்கத்தை 20 மில்லிபாருக்குக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் பொறுத்து, அதன் பிறகு இரண்டு நிமிடம் கண்வெட்டாமல் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். வாடகைக்கு விட்ட வீடென்றால் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்துச் சான்றிதழ் எழுதவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் அதை இன்னும் இரண்டு பரிசோதனை முடியும்வரை பத்திரப்படுத்தவேண்டும். இதையெல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்த வேலைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைப் பற்றி 1998ஆம் ஆண்டுக் காஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் ஒரு வரி கிடையாது. அந்த இடம் வந்ததும் அரசாங்கம், உன் மனச்சாட்சிப்படி செய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மனச்சாட்சி எனக்கு நிறைய இருக்கிறது. தொல்லையே அதுதான்.

சம்பளத்துக்கு வேலை செய்த காலத்தில் இந்தப் பிரச்சினை வரவில்லை. மாதமுடிவில் காசு வரும், அது போதாது என்று சக தொழிலாளிகளோடு சேர்ந்து புறுபுறுக்கலாம். சொந்தமாகத் தொடங்கிய பிறகு சம்பளம் போதாது என்று யாரிடம் போய்ப் புறுபுறுப்பது? முதலாளி நானே. ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வருடத்தில் 52 கிழமை. அதில் சனி ஞாயிறு, விடுமுறை, எட்டு வங்கி விடுமுறை, தடிமன் காய்ச்சல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் எழுதவேண்டிய ஏசிஎஸ் என்கிற காஸ் தகுதிப் பரீட்சை எல்லாவற்றையும் கழித்தால் 225 நாள் மிஞ்சும். ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் வேலை என்றாலும், காசாகிறது நாலரைதான். மிச்சம் நோர்த் சேர்குலர் றோட்டிலும், பார்ட்ஸ் கடைக் கவுண்டரிலும், வான் நிறுத்த இடம் தேடுவதிலும், இரவில் பில் எழுதுவதிலும் போய்விடும். ஆக, வருடத்துக்கு விற்கக்கூடியது சுமார் ஆயிரம் மணித்தியாலம்.

ஆயிரம் நல்ல எண். மணிக்குப் பத்துப் பவுண் குறைத்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண் போய்விடும் என்று விரல் மடக்காமலே சொல்லிவிடலாம்.

அந்த ஆயிரத்துக்குள்தான் எல்லாம் வரவேண்டும். வானின் தவணை, டீசல், இன்சூரன்ஸ், காஸ் சேஃப் பதிவேட்டுக்கு வருடா வருடம் கட்டுகிற காசு, புகையை அளக்கிற கருவியை வருடத்துக்கு ஒருமுறை அனுப்பிச் சரிபார்க்கிற காசு, கணக்காளர். 2023 ஆகஸ்ட் 29ஆம் திகதி புகை கூடிய வாகனங்களிடம் காசு அறவிடுகிற யூலெஸ் வலயத்தை லண்டன் முழுவதற்கும் விரித்தார்கள். என்னுடைய பழைய டீசல் வான் வாசலை விட்டு அசைந்தால் நாளுக்குப் பன்னிரண்டரைப் பவுண் என்று வந்தது. நல்ல வான். விற்கும்போது சாமிப்படத்தைக் கழற்றக் கை வரவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மணிக்கு 75 பவுண் என்று முடிவு கட்டினேன். லண்டனுக்கு இது கூடிய விலை அல்ல. ஆனால் எங்கள் சனத்துக்குப் பெருக்கல் நன்றாக வரும், கழித்தல்தான் வராது. 75 என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரில் நிற்பவரின் கண்கள் மேலே போகும். எட்டால் பெருக்கி 600, ஐந்தால் பெருக்கி 3,000, 52ஆல் பெருக்கி 156,000.

"ஒண்டரை லட்சத்துக்கு மேல உழைக்கிறீர். எனக்கொரு பத்துப் பவுண் குறைக்க ஏலாதோ?"

அந்தப் பத்துப் பவுணுக்கு அவர்கள் வருகிற பாதை தனி. பொயிலரின் மூடியை நான் திறப்பதற்கு முன் அவர்கள் என்னைத் திறப்பார்கள்.

"தம்பி எவடம்?"

"கரவெட்டி."

"கரவெட்டியில எவடம்?"

இடத்தைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள், கோயிலைச் சொன்னால் தகப்பனின் பெயரைக் கேட்பார்கள். அதைச் சொன்னதும் முகம் மலரும். "அட, அப்ப எங்கட ஆள்!" இந்த மலர்ச்சி எனக்கு இருபது பவுண் நட்டம். ஒரே பள்ளிக்கூடம் என்றால் பதினைந்து. கொழும்பில் பக்கத்து லேனில் இருந்தவர்கள் என்றால் பத்து. ஒருவர் எனக்கு ஊராகவும் இல்லை, பள்ளியாகவும் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், 1995 இடம்பெயர்வில் எங்கள் குடும்பமும் அவர் குடும்பமும் ஒரே றோட்டால்தான் நடந்திருக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார். அந்த றோட்டால் யாழ்ப்பாணமே நடந்தது. இருந்தாலும் அதற்கும் குறைத்துத்தான் கொடுத்தேன்.

வேலை முடிந்தால் சாப்பிடாமல் வெளியே விடமாட்டார்கள். பால் தேத்தண்ணி, வடை, பிறகு பிள்ளைகளுக்கென்று அலுமினியத் தாளில் சுற்றிய ரோல்ஸ். இதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த ரோல்ஸை வருமான வரிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதைக் கணக்காளர் இன்னும் சொல்லவில்லை.

மணிக்கணக்கில் கூலி வைப்பதன் உண்மையான கோளாறு எனக்கு விளங்கியது ஹரோவில், உறைபனி கொட்டிய ஒரு காலையில். இப்போதைய பொயிலர்கள் புகையில் இருக்கிற சூட்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறவை. அப்படிப் பிடிக்கும்போது புகையில் உள்ள நீராவி தண்ணியாகும். அந்தத் தண்ணி ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் வழியாக வெளியே போகும். குளிர் கூடினால் வெளியே நிற்கும் குழாய்க்குள் தண்ணி கட்டியாகிவிடும். பிறகு வருகிற தண்ணிக்குப் போக வழி இல்லை. பொயிலர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நிற்கும் முன் உள்ளே ஒரு சத்தம் கேட்கும், இளநீரின் அடியை ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சுகிற மாதிரி. சமையலறைக்குள் கால் வைக்கும்போதே அது என் காதில் விழுந்தது.

"அண்ணை, கேத்திலில கொஞ்சம் தண்ணி சூடாக்கித் தருவீங்களோ? கொதிக்க வேண்டாம். கை பொறுக்கிற சூடு போதும்."

தேத்தண்ணிக்கு என்று நினைத்து இஞ்சி வேறு தட்டப் போனார். நான் கேத்திலை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய், சுவரோடு ஒட்டி இறங்கிய வெள்ளைக் குழாயின் முழங்கை வளைவில் மெதுவாக ஊற்றினேன். காதை வைத்துக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். உள்ளே ஐஸ் கட்டி நழுவி இறங்கிய சத்தம் கேட்டது. உள்ளே வந்து பொத்தானை அமர்த்தினேன், பொயிலர் பற்றியது. சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்த அண்ணை கதவு நிலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

"எவ்வளவு?"

"எழுபத்தைஞ்சு."

கொஞ்ச நேரம் பொயிலரின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, கோவிக்காதையும். கேத்திலும் எங்கட, தண்ணியும் எங்கட, கரண்டும் எங்கட. நீர் என்ன கொண்டுவந்தனீர்?"

"ஊத்த வேண்டிய குழாய் எது எண்டு தெரிஞ்சுகொண்டு வந்தனான், அண்ணை."

"குழாயும் எங்கட."

ஐம்பது பவுணில் முடிந்தது. அடுத்த உறைபனிக்கு அந்த றோட்டில் தமிழர் வீடுகளில் எல்லாம் அவரவரே கேத்திலோடு பின்வளவில் நின்றார்கள். ஊற்றவேண்டிய இடத்தைக் கேட்டு எனக்கு வீடியோ அழைப்பு. "அண்ணை, அது கூரையில இருந்து வாற மழைத்தண்ணிக் குழாய். மற்றப் பக்கம் பாருங்கோ." அதற்கு மணிக்கணக்கு ஏது?

இந்தக் கதையை ஈலிங்கில் ஓய்வுபெற்ற ஓர் ஓவிய ஆசிரியரிடம் சொன்னேன். வெள்ளைக்காரர், பொயிலர் சேர்விஸுக்குப் போனால் கதைக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பக்கத்திலேயே ஸ்ரூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் எனக்கு விஸ்லரைப் பற்றிச் சொன்னார். விஸ்லர் என்ற ஓவியர் செல்சியில் வாணவேடிக்கை நடக்கிற இரவொன்றை வரைந்து 200 கினி விலை போட்டார். ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர், இந்த ஆள் ஒரு சட்டி வர்ணத்தைச் சனங்களின் முகத்தில் எறிந்துவிட்டுக் காசு கேட்கிறான் என்ற மாதிரி எழுதிவிட்டார். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878இல் லண்டன் நீதிமன்றத்தில் அவரை நிறுத்தி, வரைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டார்கள். இரண்டு நாள் என்றார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி? இல்லை, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். நீதிமன்றத்தில் கைதட்டல்.

கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹரோ அண்ணைக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் 1878இலேயே ஆயத்தமாக இருந்திருக்கிறது! வழக்கிலும் வென்றாராம். ஜூரிகள் அவருக்குக் கொடுத்த நட்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது அந்தக் காலத்துப் பென்னியில் கால்வாசி. வழக்குச் செலவைத் தானே சுமந்து, அடுத்த வருடம் விஸ்லர் வங்குரோத்தானார்.

இருந்தாலும் பதில் நல்ல பதில் என்று ஒருமுறை வெம்பிளியில் ஒருவரிடம் பாவித்துப் பார்த்தேன். "இது அரை மணித்தியாலத்துக்கான காசில்லை அண்ணை, இத்தனை வருச அனுபவத்துக்கு."

அவர் யோசித்தார். "இத்தனை வருசம் செய்தும் அரை மணித்தியாலம் எடுக்குதோ?"

கப்பல் எஞ்சினை ஒரேயொரு தட்டுத் தட்டித் திருத்திவிட்டு, தட்டியதற்கு ஒரு டொலர், எங்கே தட்டுவது என்று தெரிந்ததற்கு மிச்சம் என்று பில் எழுதிய எஞ்சினியரின் கதை உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு அதை வட்ஸ்அப்பில் அனுப்பியவர், கீழே மூன்று கைகூப்பல் படம் போட்டு, சாட்சாத் அந்த ஹரோ அண்ணைதான்.

ஆக, கெட்டிக்காரனாக ஆக ஆக வருமானம் குறையும் என்பது மணிக்கணக்குக் கூலியின் ஏற்பாடு. தொழில் பழகிய காலத்தில் இரண்டு மணித்தியாலம் எடுத்த பிழையை இப்போது இருபது நிமிடத்தில் பிடிக்கிறேன். பழைய நான் 150 பவுண் வாங்கியிருப்பான். இப்போதைய நான் 25 வாங்கவேண்டும். வேகமாகச் செய்பவனை யாருக்கும் பிடிக்காது. வியர்த்து, நிலத்தில் படுத்து, இடைக்கிடை "ச்சா" என்று சொல்லி, ஒரு ஸ்குரூவோடு மல்லுக்கட்டுகிறவனைத்தான் பிடிக்கும். அவனுக்குக் காசும் கொடுத்து முதுகுக்குத் தைலமும் கொடுப்பார்கள்.

காண்பதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் உண்டு. பொயிலருக்குக் கீழே குழாயில் காந்த வடிகட்டி ஒன்று பூட்டியிருக்கும். ரேடியேற்றர்களுக்குள் இரும்பு துருப்பிடித்துக் கரைந்து சுற்றுகிற கறுப்புத் தூள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கழற்றி வெளியே எடுத்தால் காந்தக் கம்பியில் தடிப்பாக, பளபளவென்று, கறுப்புக் களி. துடைக்கத் துடைக்கக் கை கறுக்கும். இது மிகச் சுலபமான வேலை. ஆனால் நான் அதைச் சிங்க்குக்குக் கொண்டுபோகும்போது வீடே திரண்டுவிடும். "ஐயோ, இதோ இவ்வளவு நாளும் உள்ளுக்குள்ள கிடந்தது?" மகனைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். படம் எடுப்பார்கள். அன்றைக்கு யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை. சில வீடுகளில் வடிகட்டி சுத்தமாகவே இருக்கும். அந்த நாள்களில் காசு கேட்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

வெள்ளைக்காரரிடம் ஊர்க் கழிவு இல்லை. அங்கே வேறு சோதனை. பின்னர் என்கிற இடத்தில் ஒரு மூதாட்டி, நான் மணி அடித்ததும் கொப்பியில் நேரத்தைக் குறிப்பார். நல்ல மனுஷி. தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்து, உட்கார்ந்து குடி, ஆறிப்போகும் என்று வற்புறுத்துவார். கடைசியில் கொப்பியைப் பார்த்து, தேத்தண்ணி குடித்த எட்டு நிமிடத்தைக் கழிப்பார். அதன் பிறகு அவர் வீட்டில் நின்றுகொண்டே குடிக்கிறேன், ஒரு கையில் ஸ்பானரோடு.

வாடகை வீட்டுச் சான்றிதழ் இன்னொரு கூத்து. அதன் பெயர் சிபி12. அந்தப் பெயரைக் கொடுத்த கோர்கி பதிவேட்டின் இடத்துக்கு 2009 ஏப்ரலில் காஸ் சேஃப் வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. நாலு வீடு வாங்கி வாடகைக்கு விட்ட எங்கள் பெரிய மனிதர்களுக்கு அது ஒரு கடதாசி. "கையெழுத்துப் போடுறதுக்கு எழுபத்தைஞ்சோ? மற்றவன் நாப்பதுக்குப் போடுறான்." நாற்பதுக்குப் போடுகிறவர் பொயிலரைப் பார்த்திருக்கமாட்டார், பொயிலர் வேண்டுமானால் அவரைப் பார்த்திருக்கும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை காலையில் எழும்பாவிட்டால் கையெழுத்துப் போட்டவனைத்தான் தேடி வருவார்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் எந்த ஊருக்கும் நான் பென்னி குறைப்பதில்லை. ஊரார் இதை என் தலைக்கனம் என்கிறார்கள்.

மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அறிய ஆசைதான். காலை ஏழு மணிக்குப் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் போலந்துக்காரர், ருமேனியர், குஜராத்தி, நாங்கள் என்று வரிசையில் நிற்போம். குளிரைப் பற்றிக் கதைப்போம், செப்புக் குழாயின் விலையைத் திட்டுவோம். கூலியைக் கேட்டால் எல்லா மொழியிலும் ஒரே பதில்: ஆளைப் பொறுத்து. கூடிக் கதைத்து ஒரே விலை வைக்கவும் முடியாது. 1998ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் வியாபாரிகள் அப்படிச் செய்வதைத் தடுக்கிறது. எங்கள் ஆட்கள் இந்தச் சட்டத்தை மீறுவார்கள் என்று அரசாங்கம் பயப்படத் தேவையே இல்லை. ஒருவன் எழுபது என்றால் மற்றவன் அறுபது என்பான், மூன்றாமவன் வந்து தொட்டியையும் சும்மா கழுவித் தருகிறேன் என்பான்.

வரிக்காரரின் பஞ்சாங்கமும் எங்களுக்குப் பொருந்தாது. ஜனவரி 31இல் ஒரு தவணை. அது பரவாயில்லை, குளிரில் போன் ஓயாது. அடுத்தது ஜூலை 31. வெயில் எறிக்கிற ஜூலையில் யாருக்கு ஹீற்றிங் பழுதாகும்? பழுதானாலும் ஒக்ரோபர் முதல் குளிருக்குத்தான் தெரியும். அன்றைக்கு லண்டன் முழுவதும் ஒரே காலையில் சுவிட்சைப் போட்டு, ஒரே காலையில் எனக்கு அடிக்கும். அப்போது மணிக்கு ஐந்து பவுண் கூட்டினால் அநியாயம் என்பார்கள், மழைக்கு ஊபர் இரட்டிப்புக் கேட்டால் வாய் திறக்காமல் ஏறுகிறவர்கள். கொஞ்சம் நன்றாக உழைத்தால் வற் வரி காத்திருக்கிறது. பார்ட்ஸ் காசோடு சேர்த்து வருடத்துக்கு 90,000 பவுணைத் தாண்டினால் பில்லில் இருபது வீதம் ஏறும். எழுபத்தைந்துக்கே வானத்தைப் பார்க்கிறவரிடம் தொண்ணூறு என்று சொல்ல எனக்கு இதயம் போதாது.

இதையெல்லாம் பார்த்துச் சலித்து விலை பேசுகிற பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். "நீங்கள் காசு கேக்கிறது கடன் கேக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். மணிக்கணக்கை அடியோடு நிறுத்தினாள். சேர்விஸுக்கு இவ்வளவு, பிழை பிடிக்க இவ்வளவு, குழாய் உறைந்தால் இவ்வளவு என்று ஒரு பட்டியல். அரை மணித்தியாலமோ அரை நாளோ, அது என் கெட்டித்தனம். என் வாயால் விலை வரக்கூடாது. "ஒஃபிசால பில் அனுப்புவினம், அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்துவிடவேண்டும். ஒஃபிஸ் என்பது ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் இருக்கிற மேசை. பில் ஆங்கிலத்தில் போகும், அடியில் அக்கவுண்ட்ஸ் டிப்பார்ட்மென்ற் என்று கையொப்பம். காசு மளமளவென்று வந்தது. ஹரோ அண்ணைகூட மறுபேச்சில்லாமல் வங்கியில் போட்டார். ஏனென்றால் ஒஃபிசிடம் எவடம் என்று கேட்கமுடியாது.

சவுத்ஹோலில் ஓர் அன்ரிக்குப் போன கிழமை பில் போனது. அவ நேரே அக்கவுண்ட்ஸ் டிப்பார்ட்மென்ற்றுக்குப் போன் எடுத்தா. மனைவி தன் ஆங்கிலக் குரலில் வணக்கம் சொன்னாள். நான் பக்கத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை," என்றது போன், "குரலைக் கேட்டால் இணுவில் சங்கீத ரீச்சற்ற மகள் மாதிரிக் கிடக்கு?"

மனைவி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு, கோப்பை கழுவி, செய்தியும் பார்த்து முடிந்த பிறகுதான் போனை வைத்தாள்.

"எவ்வளவு குறைச்சனீர்?" என்று கேட்டேன்.

"பாதி. அவ அம்மாட்டப் பாட்டுப் படிச்சவவாம், எப்பிடியப்பா முழுக்காசு வாங்கிறது? மகளின்ர வீட்டிலயும் பொயிலர் பிழையாம், நாளைக்கு எட்டு மணிக்குப் போங்கோ. அவவுக்கும் அதே விலைதான் சொல்லியிருக்கிறன்."